அத்தியாயம் 6: அரிப்புக்கு ஒரு பகல்

மன்னார்த் தீவுக்கு விடுமுறையில் வருபவர்களில் பலர் கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை மூன்றையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் அனுராதபுரத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். தீவில் மூன்று இரவாவது தங்கி, அதில் ஒரு முழுப் பகலை அரிப்புக்கு ஒதுக்குபவர்களுக்கான அத்தியாயம் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரிப்பு தீவில் இல்லை. தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, கடலோரமாகத் தெற்கே போனால் முசலிப் பிரிவில், அருவி ஆறு கடலில் விழும் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் கைக்கு எட்டும் தூரமாகத் தெரியும். நடுவில் இருப்பது கடலும் சேற்றுத் தரவையும் என்பதால் சுற்றித்தான் போக வேண்டும். மன்னார் நகரிலிருந்து ஒரு மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், காற்று அடங்கியிருக்கும், வங்காலைப் பக்கம் பூநாரைகளும் நிற்கும். இந்தக் கரையில் நடந்த பழைய முத்துக்குளிப்புகளையும் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் வைத்தார்கள். காரணம் ஒன்றுதான்: இந்தக் கடல் அப்போதுதான் சொன்ன சொல் கேட்கும்.

ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு வெயில் கொளுத்தும். மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைச்சறுக்கு செய்பவர்களுக்குத் தலைமன்னாரில் அதுவே கொண்டாட்டம். அரிப்பில் உங்களுக்கு அது கண்ணில் மணல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆண்டு மழையின் பெரும்பங்கு இங்கே கொட்டிவிடும். அருவி ஆறு என்பது அனுராதபுரம் வழியாக வரும் மல்வத்து ஓயாவேதான். மன்னாரில் வானம் வெளித்திருந்தாலும் மேல்நாட்டில் பெய்த மழை ஆற்றில் இறங்கும். அந்த மாதங்களில் வருவதானால் புறப்படுமுன் வீதி நிலவரத்தை விசாரியுங்கள்.

இரண்டு திகதிகளையும் கவனியுங்கள். ஜூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய மடுத் திருவிழாக்களை ஒட்டி மன்னாரில் அறை கிடைப்பது அரிது. சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் நிரம்பி வழியும்.

எங்கே தங்குவது

மன்னார் நகரில் அல்லது தலைமன்னார் பக்கம். கொழும்பு கோட்டையிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் பாதை உண்டு. போரில் அறுந்த இந்தப் பாதை 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மறுபடி திறந்தது. இதைவிடச் சொல்ல ஒன்றுமில்லை. அரிப்பில் இரவு தங்க நினைத்து வராதீர்கள்.

முந்தின நாள் மாலையே

1. காசு எடுங்கள். வங்கி இயந்திரங்களை மன்னார் நகரிலேயே பயன்படுத்திவிடுங்கள். தேநீர்க் கடையில் அட்டை செல்லாது. சில்லறையாக வைத்திருங்கள்.

2. தண்ணீர் வாங்குங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர். அதிகமென்று தோன்றும். முதல் தடவை நான் ஒரு போத்தலோடு உச்சி வெயிலில் போய் நின்றேன். அரைமணியில் கைத்தொலைபேசி சூடேறித் தானாக அணைந்தது. அடுத்தது நான்தான் என்று புரிந்து திரும்பினேன்.

3. வாகனம் பேசுங்கள். ஓட்டோ அல்லது வான். "போய் வர எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு" என்று இரண்டையும் சேர்த்து முதலே பேசி முடியுங்கள். சிலாவத்துறை பஸ்ஸிலும் அரிப்பில் இறங்கலாம். அதில் போவதானால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மன்னார் பஸ் நிலையத்திலும் கேளுங்கள், இறங்கும்போது நடத்துநரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. பையில் போடுங்கள்: அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து, டோர்ச், முதலுதவிப் பை, கிருமிநீக்கி, பழைய துவாய் ஒன்று.

மூடிய சப்பாத்து என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. இந்தக் கரை முழுக்கக் குடைபோல் தட்டையாக விரிந்து நிற்பது உடைமரம். அதன் முள் ரப்பர்ச் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கே வரும். சைக்கிளில் போகிறவர்கள் ஒட்டுப்போடும் சாமான் இல்லாமல் கிளம்பக் கூடாது.

பகலின் ஒழுங்கு

கடல் மேற்கே இருப்பதால் அரிப்பில் வெளிச்சம் பிற்பகலில்தான் சரியாக விழும். காலையில் டொரிக் மாளிகையின் கடல் முகம் நிழலில் கிடக்கும். ஆகவே பகலைப் பின்வருமாறு வையுங்கள்.

1. காலை 6.30: மன்னாரிலிருந்து புறப்படுங்கள். தாம்போதியில் வேகம் குறைத்து இரண்டு பக்கத் தண்ணீரையும் பாருங்கள். தாழ்ந்த நீரில் பறவைகள் கால்வைத்து நிற்கும் நேரம் அது.

2. தள்ளாடிச் சந்தி தாண்டி வங்காலைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வீதியோரத்திலிருந்தே பாருங்கள். பூநாரைக்குக் கிட்டப் போக நினைத்து உமரி படர்ந்த தரவைக்குள் இறங்கினால் முழங்கால் வரை சேறு. பறவையும் பறந்துவிடும், சப்பாத்தும் போய்விடும்.

3. காலை 9.30 அளவில் அரிப்பு. முதலில் ஊருக்குள் இருக்கும் பழைய கோட்டை. வெயில் ஏறுமுன் இதை முடியுங்கள்.

4. பகல் 11 முதல் 3 வரை வெயிலில் நிற்காதீர்கள். பக்கத்து ஊரான சிலாவத்துறைக்குப் போய்த் தேநீர், சாப்பாடு, நிழல். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்குக் கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு காலை அரிப்பில் பூசை, எல்லோரும் கோவிலில். கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல் இருந்தால் எந்த நாளும் கவலையில்லை.

5. பிற்பகல் 3.30: டொரிக் மாளிகை (ஊரார் வாயில் அல்லிராணி கோட்டை).

6. மாலை 5.30: கடற்கரை, சூரிய அஸ்தமனம்.

7. சூரியன் இறங்கிப் பத்து நிமிடத்தில் வண்டியில் ஏறுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

"எந்தக் கோட்டை?"

அரிப்பில் வழி கேட்பவர்கள் எல்லோரும் ஒரு தடவை இதில் அகப்படுவார்கள். "கோட்டை எங்கே ஐயா?" என்று கேட்டேன். வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்தாமலே திருப்பிக் கேட்டார்: "எந்தக் கோட்டை? ஒல்லாந்தர் கோட்டையா, அல்லிராணி கோட்டையா?"

ஒல்லாந்தர் கோட்டை என்பது போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைக்குப் போன சிறிய காவற்கோட்டை. அல்லிராணி கோட்டை என்று ஊர் சொல்வதைத்தான் நூல்கள் டொரிக் மாளிகை என்கின்றன. உண்மையில் அது கோட்டையே அல்ல. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்கிப் பார்வையிடத் தானே வரைந்து கட்டிய வீடு, 1801க்கும் 1804க்கும் இடையில். ஆனாலும் வழி கேட்கும்போது "அல்லிராணி கோட்டை" என்றே கேளுங்கள். முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கிய அல்லி என்ற அரசியின் கதை இந்தக் கரையில் தெற்கே குதிரைமலை வரைக்கும் ஓடுகிறது. ஆளுநர் இருந்தது சில பருவங்கள். அல்லி இன்றும் இருக்கிறாள்.

ஒல்லாந்தர் கோட்டையைப் பார்ப்பது

அரைமணி போதும். சிறிய, ஏறக்குறையச் சதுரமான கட்டு. பிற்காலத்தில் தங்குமடமாகவும் இருந்து பின்னர் கைவிடப்பட்டது. மரம் வேர்விட்ட சுவர், கூரையில்லாத அறை.

உள்ளே போகுமுன் ஒரு ஆளை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த இடம் வேறாகத் தெரியும். கப்பலோடு வந்து 1660 இல் கண்டி அரசனிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், பத்தொன்பது வருடத்துக்குமேல் கைதியாக இருந்தபின், ஒரு தோழனோடு தப்பி மல்வத்து ஓயாக் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுவழியே இறங்கி, 1679 ஒக்டோபர் 18 ஆம் திகதி வந்து சேர்ந்த இடம் இதுதான். ஆற்றைக் கடந்து வந்தீர்களே, அந்த ஆறே அவர்களுக்கு வழிகாட்டி. நொக்ஸ் எழுதிய நூல் 1681 இல் லண்டனில் வெளிவந்தது. கண்டி இராச்சியத்தைப் பற்றி இன்றைக்கும் எடுத்துப் பார்க்கும் நூல்.

கவனம்: இடிசுவரின் நிழலில் பாம்பு கிடக்கலாம். இந்த வறண்ட கரையில் சுருட்டை விரியனும் உண்டு. கற்குவியலுக்குள் கை விடாதீர்கள், செடி மூடிய மூலைக்குள் காலை வைக்குமுன் தடியால் தட்டுங்கள். சுவரில் ஏறிப் படமெடுக்காதீர்கள்.

டொரிக்: தள்ளி நின்று பார்ப்பது எப்படி

ஆங்கிலேயர் ஆட்சியின் முதல் வருடங்களில், கிரேக்கக் கோவிலைப் பார்த்துத் தூண் வைத்து, பனைமரக் கரையில் ஒரு மாடிவீடு. அன்றைக்குக் கடலைப் பார்த்து நின்றது. இன்றைக்குக் கடலுக்கு மேலே தொங்குகிறது. மண்மேட்டைக் கடல் அடியிலிருந்து தின்றுகொண்டே வர, கட்டடம் துண்டு துண்டாக இறங்கிப் போயிருக்கிறது. கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் சில துண்டுகள்தான் மிச்சம். ஊரின் பெயரும் அரிப்பு. சொல்லி வைத்ததுபோல.

பார்க்கும் முறை:

1. நிலப்பக்கமாக வாருங்கள். கட்டடத்திலிருந்து இருபது அடி தள்ளி நில்லுங்கள்.

2. முழுவதையும் ஒரு சுற்றுக் கண்ணால் பார்த்தபின், உடைந்து வெளித்தெரியும் ஒரு சுவர்முகத்தை மட்டும் எடுத்து நிதானமாகப் பாருங்கள். உள்ளே செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. செங்கல் அரித்துக் குழிந்திருக்கும். நடுவிலுள்ள சாந்து வரிமட்டும் விளிம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கல்லைவிடச் சாந்து உறுதியாக நிற்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். மேற்பூச்சு மிச்சமிருக்கும் இடம் தந்தம்போல் வழவழப்பு.

3. மண்மேட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து அடி உள்ளே நடங்கள். மேலே புல்லும் மண்ணும் உறுதியாகத் தெரியும். கீழே அலை குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. மழைக்குப் பிறகு இந்த ஐந்தைப் பத்தாக்குங்கள்.

4. கீழே கடற்கரையில் இறங்கிப் பார்ப்பதானால் இறங்குமிடம் பார்த்து இறங்கி, தண்ணீர் ஓரமாகவே நடங்கள். மேட்டின் அடிவாரத்தில் நிழல் நன்றாக இருக்கும். அந்த நிழலில் குந்தக் கூடாது. தலைக்குமேல் நிற்பது இருநூறு வருடத்துச் செங்கல்.

5. தூண்களில் சாயாதீர்கள், பெயர் கீறாதீர்கள், ஒரு செங்கல் துண்டும் எடுக்காதீர்கள். பழைய சின்னங்களைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தூண் உங்கள் பக்கம் சாய்ந்தால் யாரிடம் முறையிடுவது?

குடும்பமாக வருபவர்களுக்கு: ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை. பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவர் படம் எடுக்கக் கூடாது. படம் எடுப்பவர் பிள்ளையைப் பிடிக்கக் கூடாது.

காலடியில் கிடப்பது

கடற்கரையில் நடக்கும்போது மணலைக் கவனியுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டைச் சிப்பி, வெளியே கரடு, உள்ளே வானவில். திருப்பி வெயிலுக்குக் காட்டினால் பச்சையும் ரோசாவும் ஓடும். இந்தச் சிப்பியின் முத்துக்காகத்தான் முத்துக்குளிப்புக் காலத்தில் அத்தனை கூட்டமும் வந்தது.

கடலுக்கடியில் சிப்பி விளையும் மேடுகளைப் பார் என்பார்கள். அரசாங்கம் பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்துவிட்டது என்று கண்டால் குளிப்பு அறிவிக்கும். ஆளில்லாத கரையில் சில கிழமைக்குள் ஓலைக் கொட்டிலும் கூடாரமுமாக ஒரு பட்டணம் எழும்பும். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் குளிகாரர் வந்து சேருவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவது, மூச்சு முட்டக் கயிற்றை அசைப்பது. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இல்லாமல் பலர் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அவருக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது, வெள்ளைக்கார அரசாங்கம்! 1906 இல் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் மேற்பார்வை செய்தவர்களில் ஒருவர், பிறகு எழுத்தாளராகப் பேர் எடுத்த லெனாட் வுல்ப். அள்ளிய சிப்பியை அழுகவிட்டுக் கழுவித்தான் முத்து எடுத்தார்கள். நாற்றத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். 1920களோடு பெருங்குளிப்புகள் ஓய்ந்தன.

சிப்பியைக் கையிலெடுத்துப் பாருங்கள், படம் எடுங்கள், வைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பவளக்கல், சங்கு போன்றவற்றைப் பெட்டியில் போட்டு விமான நிலையம் வரை கொண்டுபோனால் சுங்கத்தில் சிக்கல்.

கடலில் இறங்குவதானால்

அரிப்பில் உயிர்காப்பாளர் இல்லை, கொடி இல்லை. முழுக்கக் குளிக்க ஆசையென்றால் அதைத் தீவில், கீரி, தாழ்வுபாடு போன்ற கரைகளில் ஊரவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே காலை நனைத்தால் போதும். அப்படியும் இறங்குபவர்களுக்கு:

1. மீன்பிடிப்பவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். "இதில இறங்கலாமா அண்ணன்?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் தலையாட்டாத இடத்தில் இறங்க வேண்டாம்.

2. கலங்கல் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அடியில் புதைந்திருக்கும் திருக்கை சத்தம் கேட்டு விலகிவிடும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி வைத்தியசாலைக்குப் போங்கள். முள் ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம்.

3. சொறிமுட்டை பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலால் தேய்த்தாலும் எரிவு கூடும்.

4. ஆற்றுவாய்ப் பக்கம் குளிக்கவே வேண்டாம். நீரோட்டமும் உண்டு, முதலையும் உண்டு.

5. வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று யாராவது சொன்னால், உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள்.

ஊருக்குள்

கத்தோலிக்க மீனவக் கிராமம் இது. 2007 இல் போர் இந்தக் கரைக்கு வந்தபோது சனம் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்து மறுபடி கட்டிய வீடுகள் இவை. முசலியின் முஸ்லிம் கிராமங்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, வெகுகாலத்துக்குப் பிறகே திரும்பின. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிண்டாதீர்கள்.

காய்கிற கருவாட்டுக்குக் குறுக்கே நடக்க வேண்டாம், விரித்த வலையை மிதிக்க வேண்டாம். ஆட்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள். கடற்படை முகாம், காவலரண் பக்கம் கமராவைத் தூக்கவே கூடாது. ட்ரோன் பறக்கவிட விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நீச்சல் உடையோடு வீதியில் நடக்காதீர்கள். பற்றைக்காட்டுக்குள் பழகாத குறுக்குவழி பிடிக்க வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை (கண்ணிவெடி எச்சரிக்கை) கண்ணில் பட்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

கருவாடு வாங்க ஆசையென்றால் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் இன்னும் காயவில்லை, பெட்டிக்குள் புழு வைக்கும். மூன்று சுற்றுத் தாளில் சுற்றி அதன்மேல் பொலித்தீன். அப்படியும் பஸ்ஸில் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வழக்கமான பிழைகள்

மணல் பாதையில் காரை விடுவது. கடலை நோக்கிப் போகும் பாதை பாதிவரை இறுகியிருக்கும், பிறகு சட்டென்று பொருபொருவென்ற மணல். சில்லுப் புதைந்தால் மேலும் மேலும் முடுக்காதீர்கள், ஆழம்தான் கூடும். இறங்கி, சில்லுக்கு முன்னால் மணலை வாரி, பழைய துவாயை அல்லது பனையோலையைச் சில்லுக்கடியில் திணித்து மெல்ல எடுங்கள். (துவாய் எதற்கு என்று நினைத்திருப்பீர்கள்.)

அரிப்பிலிருந்து அப்படியே தெற்கே ஓடி, வில்பத்துக் காட்டு வழியாகப் புத்தளத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவது. அந்த வழி எந்நாளும் திறந்திருக்கும் வழியல்ல. வழக்கும் விவாதமும் கண்ட பாதை, யானை நடமாட்டமும் உண்டு. மன்னாருக்குத் திரும்பி மதவாச்சி வழியாகவே போங்கள்.

தலைமன்னாரிலிருந்து ஒரு மீனவரைப் பிடித்து இராமர் அணைத் திட்டுகளுக்குப் போவது. வனசீவராசிகள் திணைக்களம், கடற்படை இரண்டின் அனுமதியும் இல்லாமல் போகாதீர்கள். கடல் எல்லை கைக்கெட்டும் தூரம், மாட்டிக்கொள்பவர் நீங்கள் மட்டுமல்ல, அந்த மீனவரும்.

பௌர்ணமி நாளில் விருந்துக்குத் திட்டமிடுவது. அன்று மதுக்கடை நாடெங்கும் பூட்டு.

திரும்பும் வழி

இருட்டில் இந்த வீதியில் மாடு படுத்திருக்கும். தாம்போதி தாண்டித் தீவுக்குள் வந்தால் கழுதை. மன்னாரின் கழுதைகள் ஹோர்ன் சத்தத்துக்கு அசைவதில்லை, விளக்கு வெளிச்சத்தில் சிலைபோல் நின்றுவிடும். பெரிய விளக்கைத் தணித்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, அது முடிவெடுக்கும் வரை காத்திருங்கள்.

அவசரத்துக்கு: இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. சிலாவத்துறையில் அரச வைத்தியசாலை இருக்கிறது, பெரிய காயமென்றால் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை. பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றி, நேரே வைத்தியசாலைக்கு. எத்தனை மணிக்குக் கடித்தது என்பதைக் கையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.